இன்றைக்கு ரத்தம் எடுக்க வேண்டாம்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைத்தால் கையும் காலும் சட்டென்று விழுந்துவிடும். வீட்டார் அள்ளிக்கொண்டு ஓடிவருவார்கள். ரத்தத்தை வெளியே வடிக்கும் சிரை அடைத்தால் பெரும்பாலும் அந்த வேகம் இருக்காது. தலைவலி நாள்கணக்கில் வளரும். படுத்தால் கூடும், இருமினால் கூடும். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். பிறகு ஒருநாள் வலிப்பு வரும். நரம்பியல் மருத்துவனான என்னிடம் அநேகம் பேர் வந்து சேர்வது அப்போதுதான்.

சாதாரண சி.டி. ஸ்கேனில் பல சமயம் ஒன்றும் தெரியாது. நிறமருந்து ஏற்றி எடுத்தால் பின்மண்டையில் பெரிய சிரைக்குழாய் முக்கோணமாகத் தெரியும்: ஓரம் வெளுத்து, நடு கறுத்து. அந்தக் கறுப்புதான் ரத்தக்கட்டி. எம்.ஆர். வெனோகிராம் அதை உறுதிசெய்யும். ஆனால் பலருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கச் சிரை மெலிந்திருக்கும். அதை அடைப்பென்று படித்துவிடக் கூடாது.

படத்தைவிட எனக்கு அதிகம் உதவுவது கேள்விதான். ‘மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால் இளம்பெண்கள் ‘இல்லை’ என்பார்கள். ‘சமீபத்துல கோயில், கல்யாணம் ஏதாவது இருந்துச்சா? தேதியைத் தள்ளிப்போட ஏதாவது போட்டீங்களா?’ என்று கேட்டால்தான் தலையசைப்பார்கள். அவர்கள் கணக்கில் அது மருந்தே இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அந்த நாரெத்திஸ்டிரோனில் ஒரு பகுதி உடலுக்குள், ரத்தம் உறையத் தூண்டும் ஈஸ்ட்ரஜனாக மாறுகிறது. பிள்ளை பெற்றவளென்றால் ‘தண்ணி நிறையக் குடிக்கவிட்டாங்களா?’ என்று கேட்பேன். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆண்களிடம் குடியைப் பற்றிக் கேட்டால் போதும்.

சிகிச்சை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின். மூளையில் ரத்தம் கசிந்திருந்தாலும் அதைத்தான் கொடுக்கிறோம். உறவினர்கள் பதறுவது இங்கேதான். மடை அடைத்து வரப்பு உடைந்தால், மடையைத் திறக்காமல் வரப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பேன். 1991-இல் ஜெர்மனியில் ஐன்ஹாய்ப்ல் குழுவினர் 20 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் யாரும் இறக்கவில்லை. பெறாத 10 பேரில் 3 பேர் இறந்தார்கள்.

ஆபத்துக் கட்டம் தாண்டியதும் வீட்டார் கேட்பது ஒன்றே: “இது பரம்பரையா சார்?” உடனே ரத்தத்தை எடுத்து, எளிதில் உறையும் தன்மையைத் தேடும் ‘திராம்போபிலியா பேனல்’ சோதனைக்கு அனுப்பிவிடுவது எளிது. நான் அனுப்புவதில்லை. புதிதாகக் கட்டி உருவாகும்போதே, உறைதலைக் கட்டுப்படுத்தும் புரோட்டீன் சி, எஸ், ஆன்டித்ராம்பின் மூன்றும் செலவழிந்து குறையலாம். ஹெப்பாரின் ஆன்டித்ராம்பினைக் குறைக்கும். அதன் பின் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சி, எஸ் இரண்டையும் குறைக்கும். கர்ப்பகாலத்தில் எஸ் தானாகவே இறங்கும், பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் அப்படியே கிடக்கும். ஆக, பிரசவமான பெண்ணுக்கு வார்டில் எடுத்த ‘புரோட்டீன் எஸ் குறைவு’ என்ற காகிதத்துக்கு மதிப்பே இல்லை. ஆனால் அந்தக் காகிதம் வீட்டுக்குப் போகும். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் ‘ரத்தத்துல கோளாறு இருக்கிற குடும்பம்’ என்று பேச்சு கிளம்பும். அதை எந்த மறுபரிசோதனையும் திரும்ப எடுக்காது.

மரபணுச் சோதனைக்கு இந்தச் சிக்கல் இல்லை, எப்போது எடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் 1994-இல் நெதர்லாந்தின் லெய்டனில் கண்டறிந்த ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் என்ற மரபணு மாற்றம் ஐரோப்பியரில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு உண்டு, நம்மிடம் அரிது. பேனலில் காசு கொடுத்து அதையும் சேர்த்துப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

அதனால் முதலில் ஒரு வெள்ளைத்தாளில் குடும்பத்தை வரைகிறேன். யாருக்காவது சின்ன வயதில் கால் வீங்கியதா, நெஞ்சடைத்து இறந்தார்களா, கரு அடுத்தடுத்துக் கலைந்ததா? பாட்டிகள்தான் இதில் துல்லியம். மருந்து நிறுத்திச் சில வாரம் கழித்து ரத்தம் எடுக்கிறோம். குறைவு வந்தால் இன்னொரு முறை. அப்போதும் குறைவென்றால்தான் பரம்பரை என்ற சொல்லை எடுப்பேன். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு, இருந்தாலும் பெரும்பாலோருக்கு மூளையில் கட்டி வருவதே இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

தங்கைக்கும் இருக்கிறதென்று தெரிந்தால் தனிச்சீட்டு எழுதித் தருகிறேன்: ஈஸ்ட்ரஜன் கலந்த மாத்திரை வேண்டாம், தேதி தள்ளும் மாத்திரை கேட்காமல் வேண்டாம், கருவுற்றதும் முதல் வருகையிலேயே இதைக் காட்டவும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். சீட்டு எப்படியும் தொலைந்துவிடும்.