சாவோ பிராயா நதியில் ஒரு தை அமாவாசை

2025-ஆம் ஆண்டு ஜனவரி 29. தை அமாவாசை. திருப்புட்குழியில் ஜடாயு தீர்த்தக் கரையில் இருந்திருக்க வேண்டிய பெரியவர் ஒருவர், அன்று பாங்காக் நகரில் காவோசான் சாலையை ஒட்டிய மலிவு விடுதி ஒன்றில் கண்விழித்தார். எட்டுப் பேர் உறங்கும் அறை, அடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டிலில் அவர், மேற்கட்டிலில் பேரன். முதுகுப்பையோடு உலகம் சுற்றும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இரவெல்லாம் ஆடிப் பாடிவிட்டு அப்போதுதான் உறங்க வந்திருந்தனர். அவர்களின் காலணிகளைத் தாண்டிச் சென்று குளித்து, திருமண் இட்டுக்கொண்டு வந்து பேரனை எழுப்பினார்.

எழுபத்தொரு வயதில் இவ்வூருக்கு எதற்கு வந்தார் என்று வீட்டில் எவருக்கும் விளங்கவில்லை. பட்டுக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். திருப்பதி, திருவரங்கம் தவிர வேறு பயணம் கேட்டதில்லை. பேரன் விளையாட்டாக அழைத்தபோது உடனே சம்மதித்தார். ஒரே நிபந்தனை, தை அமாவாசை அந்நாட்டில் கழிய வேண்டும் என்பது.

திருப்புட்குழியை அன்பர்கள் அறிவார்கள். காஞ்சியிலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை அடுத்துள்ள திவ்யதேசம். புள்ளுக்குக் குழி அமைத்து எம்பெருமான் ஈமக்கடன் செய்த தலம். ஜடாயுவைத் தாங்கியபடி அமர்ந்திருக்கிறார் விஜயராகவப் பெருமாள். அத்தீயின் வெம்மை பொறாமல் பிராட்டி முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டாள் என்பர். மரகதவல்லித் தாயாரை வேண்டி வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டி உறங்கினால், அது முளைவிட்டால், பிள்ளைப்பேறு உண்டு என்பது பெண்களின் நம்பிக்கை.

பெரியவருடைய பெரியம்மாவும் அவ்வாறு கட்டிக்கொண்டவர்தாம். பயறு முளைத்தது என்றே கடைசிவரை சொல்லி வந்தார். ஆனால் கணவர் அதற்குள் கப்பலேறிவிட்டார். பட்டுக்குப் பெயர்போன ஊர்ப்புறத்தில் தறிக்காரர் வீட்டு அடுப்பு எரியாத நாட்களும் இருந்தன என்பதை இன்று யார் நினைக்கிறார்கள்? 1937-இல் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர், மாதந்தவறாமல் மணியார்டர் அனுப்பினார். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அத்துடன் பணமும் நின்றது, கடிதமும் நின்றது. போர் முடிந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், “சயாம் ரயில் போட ஆள் பிடித்தார்கள், அந்த வண்டியில் அவரை ஏற்றியதைப் பார்த்தேன்” என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

சயாமையும் பர்மாவையும் இணைத்து 1942, 43-ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அது. மரண ரயில் என்பார்கள். காஞ்சனபுரி நகரில் உள்ள போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. அப்பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு பேராக மாண்டவர்கள் தமிழரும் பர்மியரும் மலாய்க்காரருமான கூலிகள். அவர்களுக்குத் தனித்தனியே கல்லில்லை, பெயருமில்லை.

பெரியம்மா தாலியைக் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தாயார் சன்னிதியில் குங்குமம் வாங்கி நெற்றி நிறைய இட்டுக்கொள்வார். 1991-இல் சுமங்கலியாகவே போனார். அவர் இருந்தவரை அந்த வீட்டில் யாரும் ‘இறந்தவர்’ என்று சொல்லத் துணியவில்லை. அவர் போன பின்போ, சொன்னால் அந்த ஐம்பது ஆண்டுக் குங்குமத்தைப் பொய் என்றதாகிவிடுமே என்று பெரியவரின் தந்தை தயங்கினார். தயங்கியபடியே அவரும் 2002-இல் காலமானார். மகாளயத்தில் காருண்ய பித்ருக்களை வரிசையாகச் சொல்லி எள் இறைக்கையில், பெரியப்பாவின் இடம் வந்ததும் பெரியவருடைய நா நின்றுவிடும். ஒரு கணம் மௌனமாக இருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். இருபத்திரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

இவையெல்லாம் பேரனுக்குத் தெரியாது. அவன் படகுச் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்திருந்தான். தா சாங் துறையில் வாடகைக்கு அமர்த்தினார்கள். தாய்லாந்தின் நீண்ட வால் படகு அது. மோட்டார் வண்டி இயந்திரத்தில் நெடிய தண்டு ஒன்றைப் பொருத்தி, நுனியில் விசிறி வைத்திருப்பார்கள். இரைச்சல் காதைப் பிளக்கும். மூக்கில் வண்ணத் துணிகளும் பூமாலையும் கட்டியிருந்தன. எதிர்க்கரையில் பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரம் வெயிலில் மின்னியது.

“அதுதான் தாத்தா, வாட் அருண். விடியல் கோயில். அருணன் பேரிலதான் இருக்கு.”

“எந்த அருணன்?”

“சூரியனுக்குத் தேர் ஓட்டுறவர்.”

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். படகு ஆடியது. “அவர் ஜடாயுவோட அப்பாடா” என்றார்.

ஊரில் பிள்ளைக்குக் காரியம் நடந்த குழி. இங்கே நதிக்கரையில் தந்தையின் பெயரால் கோபுரம். நேரம் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து தர்ப்பையையும் எள் பொட்டலத்தையும் சிறு பித்தளைச் சொம்பையும் எடுத்தார். அப்போதுதான் பேரனிடம் எல்லாவற்றையும் சொன்னார்; இயந்திர இரைச்சலில் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அவன் கைபேசியில் எதையோ தட்டிப் படகோட்டியிடம் காட்டினான். அந்த மனிதர் படித்துவிட்டுத் தலையசைத்தார். இறந்தவரின் சாம்பலை இந்நதியில் கரைப்பது தாய்லாந்து மக்களுக்கும் வழக்கம்; விளக்கம் தேவைப்படவில்லை. கால்வாய் ஒன்றுக்குள் படகைத் திருப்பி, இயந்திரத்தை அணைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கைகூப்பி அமர்ந்தார்.

பெரியவர் தெற்கு நோக்கி அமர்ந்தார். தந்தைக்கு, பாட்டனாருக்கு, முப்பாட்டனாருக்கு. பிறகு பெரியப்பா. கை நடுங்கியது. தசரதனுக்கு அருகிலிருந்து செய்யக் கிடைக்காததை, தந்தையின் தோழனான பறவைக்கு இராமபிரான் செய்தானே, அந்த முறையில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டே சொன்னார். பெயரையும் சொன்னார். மூன்று முறை எள்ளும் நீரும் விழுந்தன.

“அவருக்குப் பிள்ளைங்க இல்லையா தாத்தா?”

“நாமதான்டா.”

பிற்பகல் அரண்மனை வளாகத்து மரகத புத்தர் கோயிலுக்குப் போனார்கள். சுற்றுச்சுவர் நெடுக 178 பகுதிகளாகத் தாய்லாந்து இராமாயணம் தீட்டப்பட்டிருக்கிறது. அங்கே ஜடாயுவுக்குச் சதாயு என்று பெயர். தனக்கு அச்சம் தரும் மோதிரம் ஒன்று சீதையின் விரலில் இருப்பதைப் பறவை வாய்தவறிச் சொல்லிவிட, இராவணன் அதையே பிடுங்கி எறிந்து வீழ்த்துகிறான் என்பது அவர்களின் கதை. நம் கதையில் வாள், அங்கே மோதிரம். பெரியவருக்கு இது ஒப்பவில்லை. ஆயினும் சிறகொடிந்த பறவை அதே மோதிரத்தை அலகில் கவ்வி, இராமன் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தது என்று பேரன் படித்துச் சொன்னபோது, வெகுநேரம் அந்தச் சுவரின் முன் நின்றார்.

மாலையில் சீலோம் சாலையில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் தரிசனம். அங்கிருந்து, “ராத்திரி ஊரைப் பார்க்காம போனா எப்படி?” என்று பேரன் யாவரட் சாலைக்கு அழைத்துச் சென்றான். சீனர் தெரு. அதே அமாவாசைதான் அன்று அவர்களுக்குப் புத்தாண்டு. சாலை முழுவதும் செவ்விளக்குகள், முரசு, நாகநடனம், எண்ணெய்ச் சட்டிகளின் புகை. தோள் இடிபடாமல் ஓர் அடி வைக்க இயலவில்லை. ஒருவேளை உண்ணும் நாளாதலால் பெரியவர் இரண்டு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். பேரனும் அன்று இறைச்சிக் கடைப் பக்கம் போகவில்லை. அவர் தடுக்கவுமில்லை, கேட்கவுமில்லை.

மூடிய நகைக்கடை ஒன்றின் வாசலில் சீன மூதாட்டி ஒருவர் ஊதுபத்திகளை ஏற்றிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் முன்னோரை வணங்கிவிட்டு மறுநாள் உலாவ வருவது அவர்கள் வழக்கம் என்று பேரன் சொன்னான். பெரியவர் நின்று பார்ப்பதைக் கண்ட மூதாட்டி, ஒரு பத்தியை நீட்டினார். வாங்கி ஏற்றி மணல் கிண்ணத்தில் நட்டார்.

விடுதி வந்து சேர நள்ளிரவாயிற்று. காவோசான் சாலையில் இசை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. பெரியவர் கீழ்க்கட்டிலில் அமர்ந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பழுப்பேறிய தாளொன்றை எடுத்துப் பார்த்தார். 1941-இல் வந்த கடைசி மணியார்டரின் துண்டுச்சீட்டு.

“இதை ஆத்துல விடலையா தாத்தா?”

“இது அவர் அனுப்பின பணத்துக்குக் கணக்கு. பெரியம்மா பெட்டியில இருந்தது. வீட்டுலதான் இருக்கணும்.”

காஞ்சனபுரிக்குச் செல்லும் வண்டி தோன்புரி நிலையத்தில் காலையில் புறப்படும், அந்தப் பழைய பாதையில்தான் ஓடுகிறது. பேரன் கைபேசியில் ஐந்து மணிக்கு எழுப்பொலி வைத்தான். பிறகு மேற்கட்டிலிலிருந்து தலையை நீட்டி, “அவர் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க” என்றான்.