காவி மண்ணின் தாயகம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நெவாடா எல்லையை ஒட்டி, டெத் வேலி தேசியப் பூங்கா என்றொரு பாலைவனம் இருக்கிறது. பெயரைத் தமிழாக்கினால் 'மரணப் பள்ளத்தாக்கு'. ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து அங்கே மூன்று நாள் தங்கலாம் என்று மகன் சொன்னபோது, "கோயில் குளம் என்று போகிற வயதில் யமன் பெயர் வைத்த ஊருக்கா?" என்று என் மனைவி தயங்கினார்.

பிப்ரவரி மாதமாதலால் வெயில் இதமாகவே இருந்தது. கோடையில் நினைத்தும் பார்க்கக் கூடாது. 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. உலகச் சாதனையாக இன்றும் அதுவே குறிக்கப்படுகிறது. வண்டியில் அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உண்டு. தண்ணீர் மட்டும் தொட்டியில் உள்ளவரைதான். எங்கள் ஸ்நானம் சொம்புக் கணக்கில் நடந்தது.

பேட்வாட்டர் என்னும் உப்புப் படுகையில் இறங்கி நின்றோம். கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே, வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த நிலம். அண்ணாந்து பார்த்தால் மலைச்சரிவில் வெகு உயரத்தில் 'கடல் மட்டம்' என்று ஒரு பலகை. எதிர்ப்புறம் 3,368 மீட்டர் உயர டெலஸ்கோப் சிகரம், தலையில் பனியோடு. காலடியில் உப்பு, கண்ணெதிரே பனி, இரண்டும் ஒரே வெண்மை. பேச்சு எழவில்லை.

'மரணம்' என்ற பெயர் வழிப்போக்கர்கள் வைத்தது. 1849-இல் தங்கம் தேடிப் போன ஒரு கூட்டம் வழி தவறி இங்கே சிக்கித் தவித்ததன் நினைவு. ஆனால் பல நூற்றாண்டுகளாக இங்கே குடியிருக்கும் திம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு இந்தப் பெயர் பிடிப்பதில்லை. அவர்கள் இதனைத் 'திம்பிஷா' என்கிறார்கள். பாறையிலிருந்து கிடைக்கும் செங்காவி வண்ணம் என்பது பொருள். அந்தக் காவி அவர்களுக்குப் புனிதமானது. கோயில் மதிலில் காவிப் பட்டை கண்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாலைக்கும் கொற்றவை என்றொரு தெய்வத்தை வைத்து வணங்கியது நம் மரபு. வறண்ட நிலம் தெய்வம் இல்லாத நிலமாகிவிடாது.

அங்கே வளரும் மெஸ்கீட் மரம் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. நாம் வெட்டி எறியத் துடிக்கிற அந்த இனத்தின் காய்களை அவர்கள் உலர்த்தி, இடித்து, மாவாக்கி உண்டு வாழ்ந்தார்கள், தோப்புகளைப் பேணினார்கள். இத்தகையோரின் ஊரை அரசு நடத்திய விதம் மனத்தை வருத்துகிறது. 1950-களில், கோடைக்காகக் குடும்பங்கள் மலைக்குப் போயிருந்த நேரத்தில், ஆளில்லாத மண் வீடுகளைப் பூங்கா நிர்வாகம் நீரைப் பீய்ச்சிக் கரைத்தது. பாலைவனத்தில், தண்ணீரைக் கொண்டு! எனினும் ஒரு சிலர் ஊரைவிட்டு நகரவில்லை. 2000-ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம் 7,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை அம்மக்களுக்கு அளித்தது. அதில் சுமார் 300 ஏக்கர் பூங்காவின் நடுவே, நாங்கள் தங்கிய ஃபர்னஸ் கிரீக்கில் இருக்கிறது.

இரண்டாம் நாள் தேய்பிறைப் பிரதோஷம். அருகில் உள்ள கோயில் என்றால் லாஸ் வேகஸ் நகரத்தில்தான். இரண்டு மணி நேரத்திற்கும் மேற்பட்ட பயணம். எரிவாயு உள்ள வண்டிக்குள் விளக்கேற்ற மகன் சம்மதிக்கவில்லை. வெளியே இருந்த மேசையில், தாம்பாளத்தைக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தி, மனைவி அகல் ஏற்றினார். சங்கல்பத்தில் ஊர்ப் பெயர் வரும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, 'திம்பிஷா க்ஷேத்திரே' என்றார்.

நிலவு இல்லாத இரவு. நகர வெளிச்சம் எட்டாத அந்த வானத்தில் நட்சத்திரங்கள் அரிசி இறைத்தாற்போல் கிடந்தன. தெற்கே உயரத்தில், சற்றே செந்நிறமாக, திருவாதிரை. ஈசனின் நட்சத்திரம். வடமொழியில் அதற்கு 'ஆர்த்ரா' என்று பெயர். ஈரம் என்று பொருள். ஆண்டுக்குச் சராசரியாக 50 மில்லிமீட்டர் மழை பெய்யும் மண்ணில் நின்று அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.