தவறணை பூட்டும் வரை

நான் பிறந்து வளர்ந்தது அக்குறணை. மதுக்கடை எப்படி இருக்கும் என்பதைக் கண்டிக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. 1993ல் நிக்காஹ் முடிந்து, கண்டியில் ரயிலேறி, நானுஓயா, அப்புத்தளை, பண்டாரவளை என்று மலை மலையாகத் தாண்டி என் கணவருடன் பதுளையில் வந்து இறங்கினேன். கொழும்பிலிருந்து மலையேறும் ரயில் பாதை 1924ல் வந்து முடிந்த இடம் அது. அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. வழியில் தெமோதரையில் பாதை ஒரு பெரிய வட்டமடித்து, சற்று முன் நின்று புறப்பட்ட ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும். அவர் அதைக் காட்டியபோது சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டிச் சிரித்தேன். என்னை அழவைக்க ஒரு சம்பள நாள் போதுமாயிருந்தது.

பசறை வீதியில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையில் எங்கள் கடை. அரிசி, மா, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் உண்டு. கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் எல்லாருக்கும் அது ‘நானா கடை’தான். பின்பக்கம் எங்கள் வீடு. மேலே மலைச்சரிவில் லயங்கள். தமிழ்நாட்டுச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் நான்காவது வீட்டுக்குக் கேட்கும். கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வீதி வளைவில் தவறணை.

மாதத்தில் பத்தாம் திகதி சம்பளம். அன்று அசருக்குப் பிறகு வீதி திருவிழா மாதிரி ஆகிவிடும். மஃரிப் தாண்டினால் பாட்டு, பிறகு சண்டை, பிறகு பெண்களின் ஓலம். முதல் மாதம் நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். “என்ன மனிதர்கள் இவர்கள்!” என்று அவரிடம் வெடித்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்: “இங்கே நம்மளுக்குக் குடிக்காமல் இருக்கிறதில் என்ன கஷ்டம்? வாப்பா குடிக்கவில்லை, வாப்பாவின் வாப்பா குடிக்கவில்லை. கேட்டு வளர்ந்த சொல்லும் ஹராம் என்கிற சொல்தான். விடியற்காலை அட்டைக்கடியில் மலையேறி, மழையில் ஊறி வந்து படுக்கிறவனைப் பார்த்துப் பெருமையடிக்க நம்ம என்ன செய்துவிட்டோம்?”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவர் அதோடு விடவில்லை. மதீனாவில்கூட மது ஒரே நாளில் விலக்கப்படவில்லை. அதில் பயனைவிடப் பாவம் பெரிது என்று அல்பகராவில் வந்தது. போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்று அந்நிஸாவில் வந்தது. அல்மாயிதாவில் முற்றாக விலக்கிய பிறகுதான் தெருவில் மதுவைக் கொட்டினார்கள். “சஹாபாக்களுக்கே அவகாசம் கொடுத்த மார்க்கம் இது” என்றார். கடைக்காரருக்கு வாடிக்கையாளர்மேல் உள்ள பரிவு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இந்தக் குடி மலையகத்துக்கு எப்படி வந்தது என்பது பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. கோப்பிக் காலத்திலிருந்தே சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டு வெள்ளையர் அரசு வருமானம் பார்த்தது. மதுவுக்கு எதிராக 1904லும் 1912லும் நாட்டில் பெரிய இயக்கங்களே நடந்தன. தோட்டங்களிலோ தவறணை நிலைத்துவிட்டது. விலை ஏறினாலும் குடி நிற்கவில்லை. நாட்கூலி 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது; அந்தக் கூலி ஒரு போத்தல் சாராயத்துக்குக் காணாது. காணாத இடத்தில் கசிப்பு நுழைந்தது. சீனியையும் ஈஸ்ட்டையும் பீப்பாயில் புளிக்கவைத்து, ஓடைக்கரையில் இரவில் காய்ச்சுகிற சரக்கு. போயா நாளில் நாடு முழுக்க மதுக்கடை பூட்டு. அதற்காக முதல்நாளே இரட்டிப்பாக வாங்கிவைப்பார்கள்.

பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979ல் ஓர் அரசாணை வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்க, சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பழையபடி ஆக்கவைத்தார். அந்த வாரம் கடையில் கொழுந்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “வாங்க எங்களுக்கு நேரம் எங்கக்கா இருக்கு? குடிச்சிட்டு வர்றவனுக்குச் சோறு போடவே நேரம் பத்தல!” (உடம்பு வலிக்கென்று ஒளித்துக் குடிக்கிற பெண்களும் இருந்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.)

நான் வந்த புதிதில் பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே வாங்கிக்கொள்வான். கொழுந்து பறித்த கை அந்தக் காசைத் தொட்டிருக்காது. எங்கள் மேல் லயத்தில் ஒருத்தி, நான் வந்த இரண்டாம் வருடம், தானே போய் வரிசையில் நின்று சம்பளம் வாங்கினாள். நேராக என் சமையலறைக்கு வந்து, முந்தானையில் முடிந்த நோட்டுகளை நீட்டினாள். “அக்கா, இத நீங்க வச்சிருங்க. கேக்கும்போது தாங்க.” அமானிதம் என்றால் மறுக்க முடியுமா? மாவு டின்னுக்குள் வைத்தேன். உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

அன்றிரவு அவள் கணவன் கதவைத் தட்டினான். “எம்பொஞ்சாதி காசு இங்கதான் இருக்கு, குடுங்க” என்று கத்தினான். நான் உள்ளிருந்தே, அது அவள் காசு, அவள் வந்து கேட்டால்தான் தருவேன் என்றேன். அவன் திட்டிக்கொண்டே போனான். மறுநாள் அவள் கண் வீங்கி, உதடு கிழிந்து வந்து நின்றாள். நான் அமானிதத்தைக் காத்தேன். அடி வாங்கியது அவள். அந்தக் காட்சி இன்றும் என் தூக்கத்தில் வரும்.

அதன்பிறகு நாங்கள் வீறாப்புக் காட்டவில்லை. பதுளை நகரத்துக்கு அவளை நானே பஸ்ஸில் கூட்டிப்போய் வங்கியில் புத்தகம் திறந்து கொடுத்தேன். என் வீட்டில் காசு இல்லை என்பது அவனுக்குத் தெரியட்டும் என்று என் கணவர் கடை வாசலிலேயே சொல்லியும் வைத்தார். அடுத்த சம்பள நாளும் அவன் வந்தான். இம்முறை அவர் கதவைத் திறந்து, வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணியும் ஒரு றொட்டியும் கொடுக்கச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. அவன் குடித்தான், கொஞ்ச நேரம் அழுதான், எழுந்து போனான்.

கல்யாண வீடுகள் இன்னொரு சோதனை. முதல் சில வருடங்கள் எந்த லயத்துக் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை. அங்கே போத்தல் திறப்பார்களே! ஒருநாள் வயதான கங்காணியின் மனைவி முகத்துக்கு நேரே கேட்டாள்: “ஆம்பளைங்க குடிப்பாங்கன்னு நீங்க வரல. பொண்ணு என்னம்மா செஞ்சா?” பதில் இல்லை என்னிடம். அதிலிருந்து தாலி கட்டும் நேரத்துக்கே போய், பெண்ணைப் பார்த்து, எங்களுக்கென்று தனியாக எடுத்துவைத்த மரக்கறிச் சோற்றைச் சாப்பிட்டு, போத்தல் வெளியே வருமுன் கிளம்பிவிடுவோம். “நானா வீடு வந்துட்டுப் போகட்டும், அப்புறம் எடுங்கடா” என்று பெரியவர்கள் இளவட்டங்களை அதட்டுவது காதில் விழும்.

என் மூத்த மகன் 2016ல் எல்லவுக்கு வேலைக்குப் போனான். பதுளையிலிருந்து கிட்டத்தில் இருக்கும் அந்தச் சிற்றூர், யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு வெளிநாட்டுப் பயணிகளால் நிரம்பிவிட்டது. பகலில் ஒன்பது வளைவுப் பாலம். இரவில் வீதி முழுக்க இசை, வெளிச்சம், மதுக் கோப்பைகள். அவன் வேலை பார்த்த விடுதியில் முதலில் வரவேற்பு மேசை. இரண்டாவது மாதம் மாலையில் பானத்தட்டு ஏந்தச் சொன்னார்கள். மதுவைப் பிழிபவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர் என்று பத்துப் பேரை எச்சரிக்கும் ஹதீஸ் அவன் மதரஸாவில் படித்ததுதான். சம்பளம் குறைந்தாலும் சமையலறைக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது சொன்னான்: “குடிக்காமல் இருக்கிறது லேசும்மா. ஏன் குடிக்கலை என்று ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்றதுதான் களைப்பு. இப்ப விளக்கம் சொல்றதில்லை. ஜின்ஜர் பியர் ஒன்றைக் கையில் வைச்சுக்குவேன். யாரும் கேக்கிறதில்லை.” (ஜின்ஜர் பியர் எங்கள் நாட்டில் போதையில்லாத இஞ்சிச் சோடா. பெயரைக் கேட்டு என் மாமி ஒருநாள் முழுக்க அவனோடு பேசவில்லை.) இன்னொன்றும் சொன்னான். இரவு பன்னிரண்டு மணிக்குப் போதையில் தடுமாறும் விருந்தினரை அறைவரை கூட்டிப்போக எப்போதும் அவனைத்தான் கூப்பிடுவார்களாம். நிதானமாக இருப்பவன் அவன் ஒருவன்தான் என்பதால். “தட்டுதான் தூக்கலை. ஆளைத் தூக்குறேன்” என்று சிரித்தான்.

அந்தப் பெஞ்சு இன்னும் கடை வாசலில் இருக்கிறது. என் மேல் லயத்துச் சிநேகிதியின் கணவன் குடியை விட்டது பல வருடங்களுக்குப் பின்னால், ஈரலில் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு. ஒரே தடவையில் விடவில்லை. மூன்று முறை விட்டான், மூன்று முறை விழுந்தான். நான்காவது முறை என் கணவரிடம் வந்து, “நானா, சம்பள நாளு மட்டும் என்னய இங்க ஒக்காரவைங்க. வேற எடமில்ல” என்றான். உண்மைதான். சம்பள நாள் மாலையில், வீதியில் ஒரு ஆண் குடிக்காமல் உட்கார வேறு இடமே இருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பத்தாம் திகதியும் மஃரிபுக்கு முன்னால் வந்துவிடுவார். (வயதாகிவிட்டது, இனி ‘அவன்’ என்று எழுத மனம் வரவில்லை.) சாயத்தண்ணி இரண்டு தடவை, சில நாள் மூன்று. தவறணையிலிருந்து பாட்டுச் சத்தம் வரும்போது கால் ஆடும். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். அவர் இஷா தொழப் போனால் நான் உள்ளிருந்து ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். பேச்செல்லாம் பேரப்பிள்ளைகளைப் பற்றியும், மழையைப் பற்றியும்தான். சில மாதம் பெஞ்சு காலியாகவும் இருந்ததுண்டு. அந்த இரவுகளில் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கமாட்டோம்.

போன மாதம் அவர் வந்தபோது கூடவே ஒரு இளைஞன், அவருடைய அக்கா மகனாம். வந்தவன் பெஞ்சின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்து, தவறணைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா, இவனுக்கும் ஒண்ணு. சீனி கொஞ்சம் கூடப் போடுங்க” என்றார். கேத்தலை மறுபடி அடுப்பில் வைத்தேன்.