கரிக்கோடு கற்பித்தது

மேடையேறும் போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சான்று எங்கே?" என்பதே அது. சோதிடம் பலிக்கும் என்போரைக் கேட்டிருக்கிறேன். பேய் பிடித்தது என்போரைக் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கையொலியும் பெற்றிருக்கிறேன். அதே கேள்வியை என் சொந்த வீட்டு வாசலில், என் சொந்தப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் வேளையில் கேட்க மறந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். கேட்கக் கூசினேன்! அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன், தோழர்களே. தோல்வியைச் சொல்வதில் பெருமை இல்லை, பயன் உண்டு.

2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஓர் இரவு என் வீட்டில் தீப்பிடித்தது. என் தந்தையார் 1978-இல் கட்டிய வீடு. பின்கட்டில் ஓடு வேய்ந்த அடுக்களை. அதை ஒட்டிக் கான்கிரீட் தளம் போட்ட நடுவறை. அடுக்களைச் சுவரில் ஓடிய பழைய மின்கம்பியின் மேலுறை காய்ந்து வெடித்திருந்தது. குளிர்பெட்டிக்கும் மாவரைக்கும் பொறிக்கும் அந்த ஒரே கம்பி. அது சூடேறிப் பொறி கக்கியது. பனங்கையும் மூங்கிலும் பற்றின. ஓடுகள் வெடித்துச் சிதறின. நடுவறையில் அடுக்கியிருந்த நாற்பதாண்டுப் புத்தகங்கள் நான்கு மணி நேரம் எரிந்தன. உயிருக்கு ஊறில்லை. தீயணைப்புத் துறையினர் வந்து அணைத்தபோது, நடுவறைத் தளத்தின் அடிப்பூச்சு உதிர்ந்து, உள்ளிருந்த கம்பி எலும்பு போல் தெரிந்தது.

"விதி" என்றார் ஒருவர். "கண்ணேறு" என்றார் மற்றொருவர். நான் சிரித்தேன். விதியல்ல, வயர், கண்ணேறல்ல, கவனக்குறைவு என்று விளக்கம் தந்தேன். அந்த மட்டும் என் அறிவு விழித்திருந்தது. அதற்குப் பிறகுதான் உறங்கிற்று.

பொறியாளரான நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். சிறு சுத்தியால் தளத்தைத் தட்டினார். கணீரென ஒலிக்க வேண்டிய இடம், பொத்தென ஒலித்தது. கான்கிரீட்டின் சாம்பல் நிறம் ஆங்காங்கே இளஞ்சிவப்பாக மாறியிருந்ததைக் காட்டினார். "ஏறத்தாழ 300 பாகை வெப்பத்தைக் கடந்தால் இப்படி நிறம் மாறும், வலிமையும் குறையத் தொடங்கும். 600 பாகையை எட்டினால் பாதியளவு வலிமை போய்விடும். இந்தத் தளத்தைப் பூசி மறைக்கக் கூடாது, இடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்" என்றார்.

பணியை ஏற்ற ஒப்பந்தக்காரர் அயலார் அல்லர். எங்கள் படிப்பகத்துக்குக் காசு வாங்காமல் வெள்ளையடித்துக் கொடுத்தவர். கூட்டமென்றால் முன்வரிசையில் அமர்பவர். அடுக்களையைப் புதிதாகக் கட்டுவது, நடுவறைத் தளத்தை இடித்துப் போடுவது, மின்கம்பி முழுவதையும் மாற்றுவது, எல்லாம் சேர்த்து 8,40,000 ரூபாய். நான்கு தவணை என்று பேசினோம். "ஒரு தாளில் எழுதிக்கொள்வோமே" என்று நான் வாயெடுத்தேன். அவர் முகம் வாடியது. "வாத்தியாரய்யா, நமக்குள்ள என்ன எழுத்து? எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார். நான் வெட்கப்பட்டேன்; தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

தோழர்களே, அந்தச் சொல்லின் ஆற்றலைப் பாருங்கள்! "நம்பிக்கை இல்லையா?" எத்தனை நூற்றாண்டுகளாக எத்தனை கேள்விகளை அடக்கிய சொல் அது! கேட்பவனைக் குற்றவாளியாக்கி, கேட்கப்படுபவனைத் தியாகியாக்கும் சொல். பிறர் சொன்னபோதெல்லாம் அதை எதிர்த்து நின்ற நான், நம்மவர் சொன்னபோது நாணித் தலைகுனிந்தேன்.

ஏப்ரலில் பணி தொடங்கிற்று. மே திங்களில் முழு ஊரடங்கு வந்தது; பணி நின்றது. அதற்கு அவரைக் குறைகூற மாட்டேன். சூன் இறுதியில் மீண்டும் தொடங்கினார்கள். சிமெண்டும் கம்பியும் விலையேறிய ஆண்டு அது. அதையும் மறைக்க மாட்டேன். "பேசிய தொகை கட்டவில்லை, கூட்டிக் கொடுங்கள்" என்று அவர் நேராகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை, வேறு வழியில் ஈடுகட்டினார்.

நாங்கள் வேறு தெருவில் வாடகைக்குக் குடியிருந்தோம். மாலையில் வந்து எட்டிப் பார்ப்பேன். நடுவறையில் முட்டுக் கொடுத்துப் பலகை அடைத்திருந்தது. வாசலில் இடிபாடு மலையாகக் கிடந்தது. ஆகஸ்டில் என் மகள் வீட்டுக்குச் சென்னை சென்று திரும்பினேன். "வியாழக்கிழமை தளம் போட்டாச்சு, நல்லா தண்ணி விட்டு வெச்சிருக்கோம்" என்றார். மேலே ஏறிப் பார்த்தேன். புதுத் தட்டோடு பதித்து ஈரமாக இருந்தது. மூன்றாம் தவணையையும் கொடுத்தேன். மொத்தம் கொடுத்தது 6,30,000. அதில் 4,00,000 வங்கி வழியே, 2,30,000 கையில். பற்றுச்சீட்டு? அதுதான் நம்பிக்கை இருந்ததே!

அக்டோபரில் குடிபுகுந்தோம். நவம்பரில் பெருமழை பெய்தது. ஒரு காலையில் நடுவறைத் தளத்தின் அடியில் கூந்தலிழை போல ஒரு கீறல், மறுநாள் விரலகலம், மூன்றாம் நாள் ஒரு சாண் பூச்சு பெயர்ந்து, என் பேரன் படுத்து எழுந்த பாயின் மேல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். புதிய வெள்ளைக்குப் பின்னே பழைய கரி! இடிக்கவில்லை, போடவில்லை, சுரண்டிப் பூசியிருந்தார்கள்.

அழைத்துக் கேட்டேன். முன்வரிசைத் தோழர் என்ன சொன்னார் தெரியுமா? "அடுக்களை அக்கினி மூலையில இல்லீங்கய்யா. அதான் தீயும் வந்துது, விரிசலும் வருது. வாஸ்து பார்த்து ஒரு பரிகாரம் செஞ்சிருங்க." கேட்டுக் கொதித்தேன். பின்னர் எண்ணிப் பார்த்தேன். அவருக்கு வாஸ்துவில் பற்று ஒன்றுமில்லை. கணக்குக் கேட்பவனைத் திசைதிருப்ப அன்று "நம்பிக்கை" உதவிற்று. இன்று "மூலை" உதவிற்று. அவ்வளவே. நான்காம் தவணையைத் தர மறுத்தேன்.

நான்கு நாள் கழித்து ஓர் அம்மையார் வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டுப் பணியில் சித்தாளாக இருந்தவர். ஐம்பது அகவை இருக்கும். "ஐயா, நீங்க பணம் கொடுக்கலன்னு மேஸ்திரி எங்க கூலியை நிறுத்திட்டாரு. எனக்கு இருபத்து மூணு நாள் வரணும்" என்றார்.

"இருபத்து மூன்று என்று எப்படி அம்மா சொல்கிறீர்கள்?" என்றேன். ஆசிரியன் அல்லவா, கேள்வி வந்துவிட்டது.

அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே வந்து, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சிற்றறையின் கதவைத் திறந்தார். பணியாளர்கள் சட்டியும் மண்வெட்டியும் வைத்திருந்த அறை. இன்னும் பூசப்படாத சுவர். அதில் கரித்துண்டால் இழுத்த கோடுகள். வாரத்துக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கோடு, அரைநாளுக்குப் பாதிக்கோடு, கூலி வந்த வாரத்தின் மேல் குறுக்கே ஒரு கீற்று. எரிந்த வீட்டின் கரியை எடுத்து, எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார் எழுதிவைத்த பேரேடு அது! "நாள் கணக்குல குறைச்சிடுவாங்கய்யா. அதான்" என்றார்.

நான் வரிசைகளை எண்ணினேன். ஆகஸ்டில் ஒரு வாரம், இரண்டே கோடு. "இந்த வாரந்தானே தளம் போட்டார்கள்?" என்றேன்.

"தளமா? செவ்வாய்க்கிழமையோட வேல நின்னுடுச்சுங்க. மேஸ்திரி வேற இடத்துக்குப் போயிட்டாரு. மறுவாரம் வந்து சுரண்டிப் பூசினோம். வாசல்ல கெடந்தது அடுக்களைச் சுவரு இடிச்ச மண்ணு."

"ஏன் அம்மா என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலீங்களே!"

குறுகிப் போனேன். ஒரு தளம் போடுவதென்றால் கலவைப் பொறி இரையும், இருபது கைகளில் சட்டி மாறும், தெருவே அறியும். பக்கத்து வீட்டாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அன்றாடம் என் கண்முன் மண் சுமந்தவரை ஒரு நாள் நிறுத்தி, "இன்று என்ன வேலை நடந்தது?" என்று கேட்டிருந்தாலே போதும். நான் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரரை மட்டுமே பேசத் தெரிந்தவராகவும், சுமப்பவரைச் சுமக்க மட்டுமே தெரிந்தவராகவும் என் கண் பிரித்து வைத்திருந்தது. சமத்துவம் பேசிய வாய்க்கும் அந்தக் கண்ணுக்கும் உறவே இல்லை!

நிறுத்தி வைத்த பணத்திலிருந்து அவருக்கும் உடனிருந்த மூவருக்கும் சேர வேண்டிய 52,000 ரூபாயைக் கொடுத்தேன். கொடையென்று யாரும் சொல்ல வேண்டாம். என் வீட்டில் சிந்திய வேர்வைக்கு என் பங்குக் கடன். பெற்றுக்கொண்டதற்குத் தாளில் எழுதி, நால்வரும் ஒப்பமும் கைநாட்டும் இட்டார்கள். "முதல்லயே இப்படிச் செஞ்சிருக்கலாமே ஐயா" என்று சிரித்தார் அந்த அம்மையார்.

பிறகு சட்டத்தைப் படித்தேன். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் மெய்ப்பிக்கும் சுமை நம் தோளில். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வீடு கட்டித் தருவதும் "சேவை" என்று 1993-இல் திருத்தம் வந்தது. அவ்வாண்டே உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்று நடப்பில் இருப்பது 2020 சூலை 20 முதல் செயலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம். குறை நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை 5 இலட்சம் வரை கட்டணமே இல்லை. அதற்கு மேல் 10 இலட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடலாம். நான் 200 ரூபாய் கட்டினேன், நானே வாதாடினேன்.

ஆணையம் அனுப்பிய வல்லுநர் தளத்தைத் துளைத்துப் பார்த்து, பழைய தளமே என்று அறிக்கை தந்தார். ஒப்பந்தக்காரரோ, தாம் பெற்றது 4,00,000 மட்டுமே என்று சாதித்தார். கையில் கொடுத்த 2,30,000-க்கு என்னிடம் என்ன சான்று? என் நாணயம்! அதற்கு நகலெடுக்க முடியுமா?

அந்த அம்மையாரோ, நான் கேட்கத் தயங்கியதைத் தாமாகவே செய்தார். ஆகஸ்டு வாரத்தில் வேலை நடக்கவில்லை என்று உறுதிமொழி ஆவணத்தில் கைநாட்டு வைத்தார். அந்த ஒப்பந்தக்காரரிடம் இனி வேலை கிடைக்காது என்று தெரிந்தே வைத்தார்; கிடைக்கவும் இல்லை. நான் இழந்தது பணம். அவர் பணயம் வைத்தது அன்றாடச் சோறு. இருவரில் துணிந்தவர் யார் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

2023-இல் தீர்ப்பு வந்தது. குறைபாடு உண்டென்றார்கள், ஆனால் கையில் கொடுத்த தொகை மெய்ப்பிக்கப்படவில்லை என்றார்கள். நான் கேட்டது 3,20,000, கிடைத்தது 1,20,000. ஆணையம் என்னைத் தண்டித்ததாக நினைக்கவில்லை. "சான்று எங்கே?" என்று நான் ஊரைக் கேட்ட கேள்வியை அது என்னைக் கேட்டது.

தளம் இப்போது புதிதாகப் போடப்பட்டுவிட்டது. இம்முறை கம்பியை எடை போட்டு வாங்கினேன். 10 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 617 கிராம் இருக்க வேண்டும். தளம் போட்ட நாளில் நானும் சட்டி கைமாற்றினேன். நாள்தோறும் யார் வந்தார், என்ன நடந்தது, எவ்வளவு கொடுத்தேன் என்று குறிப்பேட்டில் எழுதி, வேலை செய்தவரிடமே ஒப்பம் வாங்கினேன். மூன்று வேலை நாள் அந்த அம்மையாருக்கும் அமைந்தது. அவர் குறிப்பேட்டில் கைநாட்டு வைத்தார். சுவரில் கோடும் இழுத்தார். "எதுக்கும் இருக்கட்டுமய்யா" என்றார். சரியான அறிவு!

சென்ற திங்கள் எங்கள் படிப்பகத்துக்கு வெள்ளையடிக்க ஆள் பேசினோம். செய்ய வேண்டிய வேலை, தொகை, தவணை, முடிக்கும் நாள், வேலையாட்களின் கூலி ஆகியவற்றை இரண்டு தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும் என்றேன். இளைஞர் ஒருவர் முகம் சுளித்தார். "நம்மவரிடம்கூடவா ஐயா எழுத்து?" என்றார்.

"நம்மவரிடம்தான் தம்பி, முதலில்" என்றேன்.