லயத்து நாய் யாருடையது?

 

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். பாடசாலைக்குக் கிட்ட என்பதால் ஐந்து வருடமாக இங்கேயேதான். பன்னிரண்டு வீடு, ஒரே கூரை. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் கேட்கும்.

லயத்தில் ஒரு நாய். பிள்ளைகள் வைத்த பெயர் மணி. எல்லா வீட்டிலும் சாப்பிடும். சொந்தக்காரர் என்று யாருமில்லை. தேயிலைக்குள் சிறுத்தை நடமாடினால் முதலில் குரைப்பது அதுதான். சிறுத்தை தூக்கிக்கொண்டு போவதும் நாயைத்தான்.

நாங்கள் மட்டும் ஒதுங்கியே இருந்தோம். ஷாபி மத்ஹபில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. அந்தப் பேணுதலில் மணி எங்கள் இஸ்தோப்பில் ஏறினாலே விரட்டுவோம்.

போன வருடம் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று, பக்கத்து வீட்டுப் பையன்தான், கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். கேட்டால் விழுந்துவிட்டேன் என்றான். மூன்றாம் நாள் துணியை அவிழ்த்துப் பார்த்தோம். பல் பதிந்த காயம்.

"மணிதான் சேர். ஒங்க வீட்டுக்குத் தெரிஞ்சா அத எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுருவீங்கன்னு சொல்லல."

எங்களுக்குப் பயந்து ஒரு பிள்ளை மூன்று நாள் உயிரோடு விளையாடியிருக்கிறது. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்றுவது அரிது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட வைத்தோம். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். அதற்கு ஒரு தடவைகூடத் தடுப்பூசி போட்டதில்லை. எல்லாருடைய நாய், அதனால் யாரும் போடவில்லை.

எங்கே கட்டுவது? இரவில் வெளியே கட்டினால் சிறுத்தைக்கு இரை. காம்பராக்களில் ஆளுக்கே இடமில்லை. எங்கள் வீட்டோடு ஒட்டிய விறகுக் கொட்டில் மட்டும்தான் இருந்தது. அங்கே கட்டினோம். தொடவில்லை, சோறும் தண்ணீரும் வைத்தோம். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த ஹதீஸை வகுப்பில் எத்தனை தடவை படித்துக் கொடுத்திருப்போம்! எச்சிலைப் பேணுவது வேறு, உயிரை விரட்டுவது வேறு என்பது அந்தப் பத்து நாளில்தான் எங்களுக்கு உறைத்தது.

அல்ஹம்துலில்லாஹ், பத்து நாளும் மணிக்கு ஒன்றுமில்லை. பையனும் சுகம். அடுத்த தடுப்பூசி முகாமுக்குப் பன்னிரண்டு வீடும் சேர்ந்து மணியைக் கொண்டுபோனோம். அட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது.

உறவுகளே, நாய் கடித்தால், கீறினாலும்கூட, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். உங்கள் லயத்து நாய்க்கு அட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிள்ளைகள் உண்மையைச் சொன்னால் நாயை விரட்ட மாட்டோம் என்று அவர்களுக்கு முதலில் சொல்லிவையுங்கள்.