தோற்றவன் பக்கத்து நாற்காலி

கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவனுடைய எதிரிகள் சொன்னது. கி.மு. 146-ல் ரோமானியர்கள் கார்த்தேஜைக் கொளுத்தித் தரைமட்டமாக்கினார்கள். அந்த ஊர்க்காரர்கள் எழுதிய போர் வரலாறு ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. ரோமானியரான லிவியும், பிணையாளாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்டு ரோமானியத் தளபதிகளின் குடும்பமான சிப்பியோ குடும்பத்தோடு நெருங்கிப் பழகிய கிரேக்கர் பாலிபியஸும் சொல்வதைத்தான் நாம் நம்பியாக வேண்டும். பாலிபியஸ் ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறார். தென் இத்தாலியில் லாசினியம் முனையில் ஹன்னிபால் வைத்துவிட்டுப் போன வெண்கலப் பட்டயத்தை நேரில் பார்த்து, அதிலிருந்த படைக்கணக்கைக் குறித்துவைத்தார். ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலியில் இறங்கியவர்கள் 20,000 காலாட்கள், 6,000 குதிரைவீரர்கள். ஹன்னிபால் தன் வாயால் சொன்னதென்று நமக்கு மிஞ்சியிருப்பது கிட்டத்தட்ட இந்தக் கணக்கு மட்டும்தான்.

'ஹன்னிபால்: ரோம் வெர்சஸ் கார்த்தேஜ்' என்ற பலகை ஆட்டத்தின் மேல் எனக்கு இத்தனை பற்று ஏற்பட்டதற்கு இதுதான் காரணம். மார்க் சிமோனிச் வடிவமைத்து, அவலான் ஹில் நிறுவனம் 1996-ல் வெளியிட்ட ஆட்டம் இது. இருவர் ஆடலாம். புத்தகங்கள் நம்மை ரோமின் மதில்மேல் நிறுத்தி, ஹன்னிபால் வருகிறான் பார் என்று காட்டுகின்றன. இந்த ஆட்டம் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, சீட்டுகளைக் கையில் கொடுத்து, இப்போது என்ன செய்வாய் என்று கேட்கிறது.

ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சம்பவமும், ஒன்றிலிருந்து மூன்றுக்குள் ஓர் எண்ணும் இருக்கும். சம்பவத்தை நடத்தலாம், இல்லையென்றால் எண்ணைப் பயன்படுத்திப் படையை நகர்த்தலாம், அதுவும் இல்லையென்றால் மாகாணங்களில் நம் ஆதிக்க வில்லைகளை வைக்கலாம். மூன்றில் ஒன்றுதான். ஹன்னிபால் எந்தச் சீட்டுக்கும் எழுந்து நடப்பான். ரோமானியத் தளபதிகளில் பலர் பெரிய எண் விழுந்தால்தான் அசைவார்கள். ரோமின் படைகளை நடத்தும் கான்சல்கள் சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டே இருப்பார்கள், யார் வருவார் என்பது குலுக்கலில்தான் தெரியும். கான்சல் பதவி ஓராண்டுக்குத்தான் என்ற ரோமானியச் சட்டத்தை இதைவிட நன்றாக யாரும் எனக்குப் புரியவைத்ததில்லை.

சண்டையும் சீட்டில்தான். படை எண்ணிக்கைக்கும் தளபதியின் திறமைக்கும் ஏற்பப் போர்ச்சீட்டுகள் கிடைக்கும். நேர்த்தாக்குதல், இடப்பக்க வளைப்பு, வலப்பக்க வளைப்பு, இருபக்க வளைப்பு என்று அவற்றில் வகைகள் உண்டு. தாக்குகிறவர் ஒன்றைப் போட்டால் எதிராளி அதே வகையைப் போட்டாக வேண்டும், முடியாவிட்டால் தோல்வி. நானும் என் நண்பரும் ஆடும்போது நான் இடப்பக்க வளைப்பாகவே அடுக்கடுக்காகப் போடுவேன். மூன்றாவதுக்கோ நான்காவதுக்கோ அவர் விரல்கள் நின்றுவிடும். சீட்டுகளை விரித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண்ணை ஓட்டுவார். இடப்பக்கம் தீர்ந்துபோயிற்று என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

அப்படி ஜெயித்தும் கார்த்தேஜ் தோற்கும். இந்த ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ரோமுக்குச் சுற்றுதோறும் புதுப் படை வந்து இறங்கும். சுற்று முடிந்ததும் மாகாணங்களை எண்ணுவார்கள். யாரிடம் குறைவோ அவர் அந்த வித்தியாச அளவுக்குத் தன் வில்லைகளை எடுத்துவிட வேண்டும். சண்டைக்கே சீட்டுகளைச் செலவழித்த ஹன்னிபாலுக்கு ஊர்களைத் தன் பக்கம் இழுக்கச் சீட்டு மிஞ்சாது. ஆப்பிரிக்காவிலிருந்து கடல்வழியாக உதவி அனுப்பலாம் என்றால் கார்த்தேஜின் கப்பல் பகடை உருட்டித்தான் கடலைக் கடக்க வேண்டும், ரோமின் கப்பலுக்கு அந்தக் கவலை இல்லை. ரோமோடு நடந்த முதல் பியூனிக் போரில், கி.மு. 241-ல், கார்த்தேஜ் கடலாதிக்கத்தை இழந்ததன் விளைவு அது.

கி.மு. 216-ல் இத்தாலியின் கன்னேயில் ரோமானியப் படையை நொறுக்கி அப்படியொரு வெற்றி பெற்றவன் ஏன் ரோமைப் பிடிக்கவில்லை என்று படிக்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஆடினால் அந்தக் கேள்வியே மாறிவிடும். ரோமிடமிருந்து பக்கம் மாறி வந்த கப்புவா நகரத்தை அவனால் கி.மு. 211 வரைதான் காப்பாற்ற முடிந்தது. உதவிக்கு வந்த தம்பி ஹஸ்துருபால் கி.மு. 207-ல் மெட்டாரஸ் ஆற்றங்கரையில் மாண்டான். அப்படியிருந்தும் கி.மு. 203 வரை, தோராயமாகப் பதினைந்து ஆண்டுகள், எதிரி மண்ணில் ஹன்னிபால் எப்படித்தான் நின்றான் என்பதுதான் பிறகு நம்மை வியக்கவைக்கும்.

போரை விளையாட்டாக்குவது சரியா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ரோமானியர்களே அதைச் செய்தவர்கள். ஜெர்மனியில் வெட்வைஸ்-ஃப்ராய்ட்ஸ்ஹைம் என்ற இடத்தில் பகடை உருட்டும் வெண்கலக் கோபுரம் ஒன்று கிடைத்தது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிக்டுகள் (வட பிரிட்டனின் மக்கள்) தோற்றார்கள், எதிரி ஒழிந்தான், இனிக் கவலையில்லாமல் விளையாடுங்கள் என்ற பொருளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எனக்கு அதைப் பிடிக்கவில்லை. அங்கே ஒழிந்தவன் வெறும் பெயர். நான் சொல்லும் ஆட்டத்தில் ஒழியப்போகிறவனின் இடத்திலிருந்து நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் ஒரு குறையை மறைக்க மாட்டேன். கன்னேயில் செத்த ரோமானியர்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்கிறார் பாலிபியஸ், 48,000-ஐ ஒட்டிக் கணக்குச் சொல்கிறார் லிவி. பலகையில் அவர்கள் அட்டை வில்லைகளாகக் குறைந்துபோகிறார்கள். கப்புவா மறுபடி ரோமிடம் விழுந்தபோது அடிமைகளாக விற்கப்பட்டவர்களுக்கு வில்லைகூட இல்லை. அதற்குப் புத்தகத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். நான் ஆட்டத்தையும் பாலிபியஸையும் சேர்த்தே சிபாரிசு செய்கிறேன்.

ஃபேலங்ஸ் நிறுவனம் 2018-ல் இதை 'ஹன்னிபால் அண்டு ஹமில்கார்' என்று புதுப்பித்து வெளியிட்டிருக்கிறது. கிடைத்தால் முதல் ஆட்டத்தில் கார்த்தேஜை எடுத்துக்கொள்ளுங்கள். ஹன்னிபாலை ஆல்ப்ஸுக்கு அனுப்புவதற்கு முன் ஸ்பெயினில் போதிய படையை நிறுத்திவையுங்கள். ரோம் கைவைக்கப்போவது அங்கேதான்.