அஞ்சிய குட்டியும் அவசரக் கையும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது தமிழில் வழங்கும் பழமொழி. படையைக் கண்டு பாம்பு எவ்வாறு நடுங்கும் என்பதை அப்பழமொழி சொல்வதில்லை. பென்சிலின் பருமன்கூட இல்லாத குட்டியொன்றை வீட்டில் வைத்துப் பழக்க முயன்றவனுக்கே அச்சத்தின் அந்த மறுபக்கம் புலனாகும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், வாடகை அறையொன்றில் தனித்து வாழ்ந்த இளைஞன் ஒருவன் அத்தகைய குட்டியை வாங்கி வந்தான். நாய் வளர்ப்பதற்கு வீட்டுக்காரர் இசையவில்லை. தினமும் மாலையில் வெற்றறைக்குத் திரும்புவதோ அவனுக்குச் சலித்துப் போயிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கும் உயிரொன்றாவது துணையிருக்கட்டும் என்றே அவன் எண்ணினான்.

அவன் வாங்கியது சோளப் பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைத் தாயகமாகக் கொண்ட இவ்வினத்தை 1766இல் லின்னேயஸ் விவரித்துப் பெயரிட்டார். சோளக் களஞ்சியங்களில் எலி தேடித் திரிவதால் இப்பெயர் வந்தது என்பர். அடிவயிற்றின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பலநிறச் சோளமணிகளை ஒத்திருப்பதே காரணம் என்பாரும் உளர். இதற்கு நஞ்சில்லை. வளர்ப்போர் இதனைச் சாதுவான இனம் என்றே போற்றுவர். கடைக்காரரும் அவ்வாறே சொல்லி விற்றார்.

முதல் நாள் மாலையிலேயே இளைஞன் மூடியைத் திறந்து, மேலிருந்து கையை நீட்டினான். குட்டி கழுத்தை வளைத்துப் பின்வாங்கியது. அடுத்த கணம் பாய்ந்து விரலைக் கடித்தது. ஊசிமுனை பட்டாற்போன்ற வலிதான். ஆயினும் அவன் கையை உதறி இழுத்தான். குட்டியின் வால் மரச்சீவல்களின்மீது படபடவென அதிர்ந்தது. பத்து நாட்கள் இதுவே நடந்தது. தினமும் கையிலெடுத்தால் பழகிவிடும் என்று அவன் நம்பினான். குட்டியோ கடித்தது; பிடித்தபோது துர்நாற்ற நீரைப் பீச்சியது. அதனை அவன் "பொல்லாதது" என்று அழைக்கத் தொடங்கினான்.

பின்னர் அது உணவை மறுத்தது. மயிர் முளைக்காத எலிக்குஞ்சை மூன்று முறை வைத்தும் தொடவில்லை. சமையல் தராசில் நிறுத்தபோது, வந்த நாளில் 7 கிராமாக இருந்த உடல் 6 கிராமாகக் குறைந்திருந்தது. அத்துணைச் சிறிய உடலில் 1 கிராம் என்பது ஏழில் ஒரு பங்கு. இளைஞன் முதன்முறையாக அஞ்சினான். துணைக்கென்று கொண்டுவந்த உயிர் தன் கையாலேயே அழியப் போகின்றதோ என்ற எண்ணம் அன்றிரவு அவனை உறங்கவிடவில்லை.

திருப்பிக் கொடுத்துவிட எண்ணிக் கடைக்குச் சென்றான். பல்லாண்டுகளாகப் பாம்பு வளர்த்த முதியவர் ஒருவர் அங்கிருந்தார். அனைத்தையும் கேட்டபின், "அதற்கு இப்போது வேண்டியது உமது கையன்று, ஒளிந்துகொள்ள ஓரிடம்" என்றார் அவர்.

அவ்வார்த்தையில் உண்மை இருந்தது. சோளப் பாம்பு முட்டையிட்டுவிட்டுச் சென்றுவிடும். ஏறத்தாழ இரண்டு மாதங்களின் பின் வெளிவரும் குட்டிக்குத் தாயின் காவல் இல்லை. பருந்தும் பிற பாம்புகளும் அதனை இரையாக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர். மேலிருந்து நிழலாக இறங்குவது பருந்தின் காலா, பரிவுள்ள மனிதனின் கையா என்று ஆராய்ந்து நிற்கும் குட்டி காட்டில் பிழைப்பதில்லை. வாலதிர்வும் நாற்றமும் கடியும் ஓடி ஒளிய வழியற்ற ஓர் உயிரின் இறுதி அரண்கள். கண்ணாடிப் பெட்டியில் ஓட வழி ஏது?

இளைஞன் வீடு திரும்பிப் பெட்டியை மாற்றியமைத்தான். வெப்பமான பக்கத்தை 30 பாகை செல்சியஸ் அளவில் வைத்து, அங்கொன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக இரு மறைவிடங்கள் அமைத்தான். மூன்று புறக் கண்ணாடியையும் கடதாசியால் மறைத்தான். இரு வாரங்கள் நீரை மாற்றுவதைத் தவிர வேறெதற்கும் கையை நீட்டவில்லை. வாங்கியவனுக்கு இது கடினமான நோன்பு; பல நாட்கள் அவன் குட்டியைக் கண்ணாற் காணவுமில்லை. இரண்டாம் வாரத்தின் ஓரிரவு, உறைநிலை நீக்கி வெந்நீரில் சூடேற்றிய எலிக்குஞ்சொன்றை மறைவிடத்தின் வாயிலில் வைத்துவிட்டு விளக்கை அணைத்தான். காலையில் அது அங்கில்லை.

உணவு செரிக்க இரு நாட்கள் விடுவதும், அதன்பின் ஐந்து நிமிடம் மட்டும் கையிலெடுப்பதும் வழக்கமாயின. இப்போது கை மேலிருந்து இறங்கவில்லை. பக்கவாட்டில் மெல்ல வந்து, உடலின் நடுப்பகுதியைக் கீழிருந்து ஏந்தியது. கடித்தபோதும் அவன் கையை இழுக்கவில்லை. ஒருமுறை, நன்றாகப் பழகி வந்த குட்டி திடீரென மீண்டும் பாய்ந்தது. முன்னராயின் நன்றிகெட்டது என்று வைதிருப்பான். அன்று உற்றுப் பார்த்தான். கண்கள் பால்படர்ந்தாற்போல் மங்கியிருந்தன. சட்டை உரிக்கும் காலம். அதற்குப் பார்வை தெளிவாயில்லை. சட்டை உரியும்வரை தொடாது காத்திருந்தான்.

மூன்றாம் மாதத்தில் குட்டி அவன் விரல்களினூடே நிதானமாக ஊர்ந்தது. நாவை நீட்டி நீட்டி அவன் மணத்தை அறிந்தது. இதனை அன்பு என்பது மிகையாகும். இக்கையால் தீங்கில்லை என்பதற்கு மேல் அந்தச் சிற்றுயிர் எதனையும் சொல்லிவிடவில்லை. ஆனால் அந்த ஒன்றைச் சொல்லச் செய்வதற்கே, வலிமையுள்ளவன் தன் அவசரத்தை விட வேண்டியிருந்தது. கடித்ததைப் பொல்லாதது என்று முடிவுசெய்வது எளிது. அது கடிக்க வேண்டி வந்த நிலையைத் தானே ஏற்படுத்தியதை ஒப்புக்கொள்வது அத்துணை எளிதன்று.

ஒரு மாலை, வேலையிடத்தில் ஏற்பட்ட கோபத்தோடு வந்தவன் தன்னை மறந்து மேலிருந்து கையை நீட்டினான். குட்டி கழுத்தை வளைத்தது, வால் அதிர்ந்தது. அவன் கையை மெல்ல எடுத்து, மூடியை இட்டு, நாற்காலியில் அமர்ந்தான். அன்று அதைத் தொடவில்லை. சோளப் பாம்பு நல்ல பராமரிப்பில் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. நாளைக்கும் நேரமுண்டு.